துருவுக்குத் துருவே காவல்

ஸ்பேனர், போல்ட், நட்டு இவற்றுக்குக் கறுப்பேற்றும் பட்டறையில்தான் என் உத்தியோக காலம் முழுக்கக் கழிந்தது. காஸ்டிக் சோடாவும் நைட்ரைட் உப்பும் கலந்த தொட்டி 140 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். கூடையில் வைத்து இறக்கிய உருப்படி அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று எழுந்து வரும். துப்பாக்கி என் கைக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இந்தத் தொழிலின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அது வெள்ளைக்காரனின் துப்பாக்கிக் குழலில்தான் போய் நிற்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சிப்பாயின் துப்பாக்கி பளபளவென்று இருக்க வேண்டும். தேய்த்துத் தேய்த்தே அவன் ஓய்ந்திருப்பான். மெருகேறிய இரும்பு வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஒரு மழைக்கே துருவும் பிடிக்கும். 1800-இல் வந்த பேக்கர் ரைஃபிளுக்குக் குழலைப் பழுப்பாக்கியே கொடுத்தார்கள். அந்தப் பழுப்பு பெயின்ட் அல்ல, அளவோடு பிடிக்கவிட்டு நிறுத்திய துருதான்.

பர்மிங்காம் பட்டறைகளில் இது தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்தது. மருந்தில் நைட்ரிக் அமிலம், இரும்புக் குளோரைடு, ஸ்பிரிட், கூடவே மயில்துத்தமும் வீரமும் சேரும். கடைசி இரண்டும் நம் சித்த வைத்தியர்களுக்குப் பழக்கமான சரக்கு. வீரம் பாதரச உப்பு, கடும் விஷம். அதைத் தினமும் தடவியவனின் உடம்பைப் பற்றி அன்று யார் கவலைப்பட்டார்கள்?

குழலின் இரு முனையிலும் மரத் தக்கை அடிப்பார்கள். உள்ளே தண்ணீர் போகாது, பிடித்துக்கொள்ளவும் அதுவே கைப்பிடி. சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பசையை எடுத்த பிறகு குழலை விரலால் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் மருந்து பிடிக்காது. துணியில் மருந்தை ஒற்றி, வழியாமல் மெல்லிசாக ஒரே இழுப்பாக இழுத்து, ஈரப்பதமுள்ள அலமாரியில் வைத்தால் சில மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் பூனைமுடி போலத் துரு முளைத்திருக்கும். அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். செந்துரு கண்ணெதிரே கறுக்கும். அதாவது மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. உதிரும் கறுப்பை மெல்லிய கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட்டால் ஒட்டியது மட்டும் நிற்கும். முதல் சுற்றில் திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம்தான் வரும். ஆறேழு சுற்று போனால்தான் ஆழமான நீலக்கறுப்பு. கொதிக்க வைக்காமல் விட்டால் பழுப்பாகவே நிற்கும்.

டமாஸ்கஸ் குழல்களில் இந்தப் பழுப்பு வெறும் காப்பு மட்டுமல்ல. இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த குழல் அது. இரண்டும் வெவ்வேறு விதமாக நிறம் பிடிப்பதால், மறைந்திருந்த வரிகள் மருந்து பட்ட பிறகே எழும்பும்.

1930-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் எங்கள் காஸ்டிக் தொட்டிக்கு மாறத் தொடங்கின. நாள் கணக்கு வேலை நிமிடக் கணக்கானது. இரட்டைக் குழல் துப்பாக்கி மட்டும் அதில் இறங்க முடியவில்லை. இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் சேர்த்திருப்பது ஈய-வெள்ளீயப் பற்று. 140 டிகிரியில் அது உருகாதுதான். ஆனால் காஸ்டிக் அதைக் கரைத்துத் தின்றுவிடும். பட்டைக்கடியில் தங்கிய உப்பு பல மாதம் கழித்துக்கூடக் கசிந்து துருவைக் கிளப்பும். அந்தப் பழைய தாமத முறை இன்றும் பிழைத்திருப்பதற்குப் பெரிய காரணம், பாரம்பரியப் பற்றைவிட, இந்த ஈயப் பற்றுதான்.

காசில்லாதவனுக்கும் அந்தப் பழைய முறையே கைகொடுத்தது. பொருளாதார மந்தம் வாட்டிய 1936-இல் ஆங்கியர் என்பவர் நிறமேற்றும் செய்முறைகளைத் தொகுத்து அமெரிக்காவில் தனிப் புத்தகமே போட்டார். மருந்து கிடைத்துவிட்டால், குழல் முழுகும் நீளத் தகரத் தொட்டி, அடுப்பு, உப்புக்கறை விடாத மழைத்தண்ணீர், எஃகுக் கம்பளி, இவ்வளவுதான் தேவை. பொறுமைக்குக் காசு கிடையாது.

பின்னால் பாட்டிலில் குளிர் மருந்து வந்தது. செலினியமும் தாமிரமும் கலந்த உப்புகள். தடவிய நிமிடமே கறுக்கும். அந்தக் கறுப்பு இரும்பின் சொந்த ஆக்சைடு அல்ல, மேலே படிந்த படலம். கைபடும் இடத்தில் சீக்கிரமே வெளுத்துவிடும். ஒரு கீறலை மறைக்க வாங்கலாம். முழுக் குழலுக்கு என்றால் நான் வாங்கமாட்டேன்.