ஒன்பது முதல் நாலு வரை கப்சிப்

நீங்கள் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி தாண்டியாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு வரி நகரமாட்டேன் என்கிறது. கேஸ் சிலிண்டர்காரர் பெல் அடிக்கிறார். மாடி வீட்டில் சுவரில் துளை போடுகிறார்கள். பையனுக்கு ஹோம்வொர்க் பாக்கி. இந்த நேரம் பார்த்து யாராவது வந்து, 'சார், காட்டுக்கு நடுவுல ஒரு மாளிகை இருக்கு. ரெண்டு மாசம் தங்கிக்கோங்க. ரூம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. எழுதறது மட்டும்தான் உங்க வேலை' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

கதையல்ல. அப்படியொரு இடம் அமெரிக்காவில் இருக்கிறது. நியூயார்க் மாகாணத்தில், குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன சரடோகா ஸ்ப்ரிங்ஸ் ஊரை ஒட்டி 400 ஏக்கர் தோப்பும் துரவும். பெயர் யாடோ. எழுத்தாளர், ஓவியர், இசையமைப்பாளர் யாராக இருந்தாலும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நீங்கள் எழுதியதில் சில பக்கங்கள், உங்களைத் தெரிந்த ஒருவரின் சிபாரிசு, வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு குறிப்பு. உங்கள் துறைக்காரர்களே உட்கார்ந்து படித்துப் பார்த்து முடிவு சொல்வார்கள்.

இன்றைக்கு இது சாதாரண நடைமுறை. ஆனால் இந்த வீட்டுக்கு யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்கிற கேள்வியில் ஒரு காலத்தில் எஃப்.பி.ஐ.யே மூக்கை நுழைத்தது. அதற்கு முன்னால் வீட்டுக்காரர்களைப் பார்த்துவிடலாம்.

ஸ்பென்சர் ட்ராஸ்க் வால் ஸ்ட்ரீட் பணக்காரர். எடிசனின் மின்விளக்குத் தொழிலுக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர். மனைவி கத்ரீனா கவிதை எழுதுவார். 1881-ல் இந்த நிலத்தை வாங்கினார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் மூத்த மகனைப் பறிகொடுத்திருந்தார்கள். 'யாடோ' என்று பெயர் வைத்தது சின்னப் பெண் கிறிஸ்டினா. 'ஷேடோ' மாதிரி ஒலிக்கும், ஆனால் நிழல் இருக்காது என்பது குழந்தையின் கணக்கு.

கணக்கு பொய்த்தது. 1888-ல் கத்ரீனாவுக்கு டிப்தீரியா. பிழைக்க மாட்டார் என்று எல்லோரும் கைவிட்ட நிலையில், கடைசியாக அம்மாவைப் பார்க்கட்டும் என்று கிறிஸ்டினாவையும் தம்பியையும் அறைக்குள் விட்டார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். குழந்தைகள் இரண்டும் அதே நோயில் போய்விட்டன. அடுத்த வருடம் பிறந்த நான்காவது குழந்தையும் நிலைக்கவில்லை. போதாக்குறைக்கு 1891-ல் வீடும் எரிந்தது.

நம் ஊராக இருந்தால் 'ராசியில்லாத இடம்' என்று விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் அதே இடத்தில் 55 அறைகளோடு ஒரு மாளிகை கட்டினார்கள். கணப்புக்கு மேலே, சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையை வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் பதித்தார்கள். 1899-ல் ஒருநாள் கணவரோடு தோப்பில் நடந்துகொண்டிருந்தபோது கத்ரீனாவுக்கு அந்த எண்ணம் வந்தது. வாரிசு இல்லாத வீட்டுக்குக் கலைஞர்களே வாரிசாக இருக்கட்டும்! 1900-ல் அறக்கட்டளை பதிவாயிற்று. 1909-ன் கடைசி நாள் ரயில் விபத்தில் ஸ்பென்சர் இறந்தார். பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு, செலவைச் சுருக்க கத்ரீனா தோட்டத்திலிருந்த சின்ன வீட்டுக்குக் குடிபோனார். குடும்ப நண்பர் ஜார்ஜ் ஃபாஸ்டர் பீபாடியை 1921-ல் மணந்துகொண்டு, மறு வருடமே கண்மூடினார். (அந்தக் காதல் தனிக் கதை. இன்னொரு வாரம் பார்க்கலாம்.) முதல் விருந்தாளிகள் வந்தது 1926-ல்.

நிர்வாகத்துக்கு வந்து சேர்ந்தவர் எலிசபெத் ஏம்ஸ். கணவரை இழந்த ஆசிரியை. வகுப்பறை நடத்தியவர் கையில் மாளிகை போனால் என்ன ஆகும்? காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை கப்சிப். பேச்சு கிடையாது, அடுத்தவர் அறைக் கதவைத் தட்டக்கூடாது. மதியச் சாப்பாடு டப்பாவில். விதி மீறினால் அம்மணியிடமிருந்து சின்னதாக ஒரு நீலக் காகிதம் வரும். பெரிய பெரிய நாவலாசிரியர்களெல்லாம் அந்த நீலக் காகிதத்துக்குப் பயந்திருக்கிறார்கள்.

ஆனால் ஏம்ஸுக்குப் பிடித்துப்போய்விட்டால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம். அப்படி 1943-லிருந்து 1948 வரை தங்கியவர் ஆக்னஸ் ஸ்மெட்லி.

இவரை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிஸௌரி மாகாணத்து ஏழை வீட்டுப் பெண். நியூயார்க்கில் லாலா லஜபதி ராயிடம் இந்தியாவைப் பற்றிக் கற்றுக்கொண்டு, நம் சுதந்திரத்துக்காக வேலை செய்யப்போய் 1918-ல் ஜெயிலுக்குப் போனவர். பிறகு பெர்லினில் பல வருடம் சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவோடு வாழ்ந்தார். அங்கிருந்து சீனா. செஞ்சேனையோடு சேர்ந்து அலைந்து பத்திரிகைகளுக்கு எழுதினார். யாடோவில் அவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது சீனத் தளபதி ஜூ தேயின் வாழ்க்கை வரலாறு.

கம்யூனிஸ்ட் என்ற வார்த்தையே கெட்ட வார்த்தையாகிக்கொண்டிருந்த காலம். எஃப்.பி.ஐ. மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. ஏம்ஸின் செயலாளரே அவர்களுக்குத் தகவல் கொடுத்துவந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1948-ல் ஏம்ஸே ஸ்மெட்லியைக் கிளம்பச் சொல்லிவிட்டார்.

மறு வருடம் பிப்ரவரியில் வெடித்தது. டோக்கியோவில் பிடிபட்ட ஸோர்கேயின் சோவியத் உளவு வலையில் ஸ்மெட்லிக்கும் பங்கு உண்டு என்று அமெரிக்க ராணுவம் அறிக்கை விட்டது. ஒரு வாரம் போல ஆனதும் 'ஆதாரம் இல்லை' என்று பின்வாங்கியது. அதற்குள் எஃப்.பி.ஐ.காரர்கள் யாடோவுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

குளிர்காலம். யாடோவில் இருந்த விருந்தாளிகள் நாலே பேர். அவர்களில் ராபர்ட் லோவல் புலிட்சர் பரிசு வாங்கிய கவிஞர். எலிசபெத் ஹார்ட்விக் பின்னால் லோவலையே மணந்துகொண்டவர். ஃப்ளானரி ஓ'கானர் தன் முதல் நாவலோடு போராடிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண். லோவல் கொதித்தெழுந்தார். பிப்ரவரி 26-ம் தேதி அறக்கட்டளைக்காரர்களைக் கூட்டிவைத்து, ஏம்ஸ் அரசியல் சதியில் சம்பந்தப்பட்டவர், உடனே வெளியே அனுப்புங்கள் என்றார். மற்ற மூவரும் அவர் பக்கம். யோசித்துப் பாருங்கள்: யாருடைய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, யாருடைய கூரைக்குக் கீழே உட்கார்ந்து எழுதினார்களோ, அந்த அம்மாள் மேலேயே தேசத்துரோகப் புகார்!

செய்தி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ஆல்ஃப்ரெட் கேசின், ஜான் சீவர் முதலான பழைய விருந்தாளிகள் ஏம்ஸுக்காகக் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். மார்ச்சில் மறுபடி கூடிய அறக்கட்டளை, அவரே நீடிக்கட்டும் என்றது. சில வாரத்தில் லோவலுக்கு மனநிலை முற்றிலும் சிதைந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்றைய ஆவேசத்தில் நோயின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். மற்ற மூவருக்கும் மனநோய் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, ஸ்மெட்லி உளவாளியா, இல்லையா? 1950 மே மாதம் அவர் இங்கிலாந்தில் இறந்தார். அஸ்தி பெய்ஜிங்கில் அடக்கம். ஜூ தே புத்தகம் 1956-ல்தான் வெளிவந்தது. அநியாயமாகப் பழி சுமந்தவர் என்றே பல வருடம் நம்பினார்கள். அவரை நிரபராதி என்று நிரூபிக்கும் ஆசையோடு மாஸ்கோ ஆவணங்களைத் தேடிப்போன ரூத் பிரைஸ், 2005-ல் வெளியிட்ட புத்தகத்தில் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார்: ஆமாம், சீனாவில் இருந்தபோது சோவியத்துகளுக்காக ரகசிய வேலை செய்திருக்கிறார். அந்த சோவியத் அரசுதான் அவருடைய சட்டோவை 1937-ல் சுட்டுக் கொன்றது.

ஆக, லோவல் சொன்னது ஸ்மெட்லி விஷயத்தில் பாதி சரி. ஏம்ஸ் விஷயத்தில் முழுத் தப்பு. அந்த அம்மாள் செய்ததெல்லாம், எழுத இடமில்லாத ஒருத்திக்கு வேண்டிய மட்டும் இடம் கொடுத்ததுதான். இன்றைக்கு அப்படி ஒருவர் இஷ்டப்பட்டால் அஞ்சு வருடம் தங்கவைக்க முடியாது. அதிகபட்சம் இரண்டு மாதம்.

ஏம்ஸ் 1969 வரை அதே பொறுப்பில் இருந்தார். விண்ணப்பங்களும் நிற்கவில்லை. 1959 இலையுதிர் காலத்தில் ஒரு இளம் தம்பதி வந்து இறங்கினார்கள். கணவர் இங்கிலாந்துக்காரர், மனைவி கர்ப்பிணி. இருவருக்கும் தனித்தனியாக எழுதுமிடம் ஒதுக்கினார்கள். டெட் ஹ்யூஸ், ஸில்வியா ப்ளாத். ஒன்பதிலிருந்து நாலு வரை, அவர்களும் கப்சிப்.