ராத்திரி நாத்தமும் ஒரு பக்கெட்டும்: கடலூர் சிப்காட் கதை

சின்ன வயசுல மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலத்துக்கு பஸ்ல போறப்போ பீங்கான் சூளைப் புகையை வேடிக்கை பார்த்துக்கிட்டே போவேன். மத்தியானம் கலைஞ்சு காணாமப் போற புகை, பொழுது சாய்ஞ்சதும் ஒரே கோடா வானத்துல படுத்துக் கிடக்கும். ஏன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது.

1961-ல ஃபிராங்க் பாஸ்கில்ங்கிற பிரிட்டிஷ் வானிலை ஆய்வாளர் இதுக்கு ஒரு எளிமையான வழி சொன்னார். பெரிய கருவி எதுவும் வேண்டாம். காத்து எவ்வளவு வேகம், வெயில் எவ்வளவு உக்கிரம், ராத்திரின்னா மேகம் எவ்வளவு, இதை மட்டும் பாருங்க. 'ஏ'-யிலிருந்து 'எஃப்' வரைக்கும் ஆறு வகை. உச்சி வெயில்ல தரை சூடாகி காத்து கொதிக்கிற சாம்பார் மாதிரி புரளும். அசுத்தம் சீக்கிரம் கலந்து நீர்த்துப் போயிடும். அதுதான் 'ஏ'. மேகமில்லாத, காத்து அசையாத ராத்திரி 'எஃப்'. தரை குளிர்ந்து, காத்து பாய் விரிச்ச மாதிரி அடுக்கடுக்கா படிஞ்சிடும். உயரமான புகைபோக்கியிலிருந்து வர்றது தலைக்கு மேலேயே போயிடலாம். ஆனா வால்வுல கசியறது, கழிவுநீர்த் தொட்டியிலிருந்து ஆவியாகறது? அது நம்ம மூக்கு மட்டத்துலயே ஊர்ந்து வரும்.

இப்போ நம்ம மாவட்டத் தலைநகருக்கு வாங்க. கடலூர்ல உப்பனாற்றங்கரையில சிப்காட். ரசாயனம், மருந்து, பூச்சிக்கொல்லி ஆலைகள். சுத்தி குடிகாடு, ஈச்சங்காடு மாதிரி ஊர்கள். ராத்திரி நாத்தம் தாங்கலைன்னு ஜனங்க புகார் சொல்றாங்கன்னு வைங்க. மறுநாள் பதினோரு மணிக்கு ஒருத்தர் வந்து மோந்து பார்த்தா ஒண்ணும் இருக்காது. ரெண்டு பேருமே பொய் சொல்லலை. 'எஃப்' போய் 'ஏ' வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனா புகார் கொடுத்தவங்கதான் பொய்யராகிடுவாங்க.

2004-ல அந்த ஊர் ஆட்கள் சிலர் பயிற்சி எடுத்து, சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களா கிளம்பினாங்க. நோட்டுல தேதி, நேரம், காத்து எந்தப் பக்கமிருந்து, நாத்தம் எது மாதிரின்னு எழுதினாங்க. நான் இதை லாக் ஃபைல்னுதான் சொல்வேன். கூடவே ஒரு பிளாஸ்டிக் பக்கெட். உள்ளே ஒரு விசேஷப் பை. அதுல காத்தைப் பிடிச்சு ஆய்வகத்துக்கு அனுப்பணும். 1990-கள்ல கலிஃபோர்னியாவுல ஆலைகளுக்குப் பக்கத்துல இருந்தவங்க பயன்படுத்தின யோசனை. அந்த வருஷமே 'கேஸ் ட்ரபிள்'னு அறிக்கை வந்தது (தலைப்பு வெச்சவருக்கு ஒரு சலாம்). காத்துல 22 நச்சு ரசாயனங்கள். அதுல 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. பை பிடிக்கிறது சில நிமிஷக் காத்து. வருஷ சராசரி அதுல தெரியாது. சரிதான். ஆனா மாடல் என்ன கேட்குது? நேரம், காத்து, தூரம், அப்புறம் நொடிக்கு எவ்வளவு வெளியேறுதுங்கிற எண். முதல் மூணும் நோட்டுல இருந்தது. நாலாவது எண் ஆலை கேட்டுக்கு உள்ளே. பைகள் நிறைய இருந்தா அதையும் தலைகீழா கணக்குப் போட்டு ஓரளவு பிடிச்சிடலாம். ஆனா அப்போ ஒவ்வொரு பையையும் அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.