ஏற்றின தகடும் இறக்கின வண்டியும்

எங்கட ஒழுங்கைக்குள்ள ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் நிக்குது. அச்சுவேலிச் சந்தியில இருந்து சைக்கிளில் போனால் அஞ்சு நிமிசம். தகரக் கொட்டிலுக்குக் கீழ, ஒரு பக்கம் விறகு, மற்றப் பக்கம் பழைய இறைப்பு மெசின். சின்ன வயசில நாங்கள் அதுக்குள்ள ஏறி இருந்துதான் கொழும்புக்குப் போய் வருவம். சில்லு ஒருநாளும் உருண்டதில்லை.

போன வருசம் என்ர நண்பன் ஒருவனுக்கு அந்தப் பிக்கப்பில ஆசை வந்தது. அது அவன்ர அப்பப்பாவின்ர வண்டி. அமெரிக்காவில் பழைய செவர்லே சி-10 பிக்கப்புகளை வீட்டு முற்றத்தில வைச்சே இறக்கிற வீடியோக்களை இரவிரவாகப் பார்த்துவிட்டு, "மச்சான், இதையும் நிலத்தோட முட்ட இறக்குவம்" எண்டான். வயசான மெக்கானிக் ஐயா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தம். அவர் குனிஞ்சு பின் அச்சைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, உதை ஏத்திறதுக்கு உன்ர அப்பப்பா என்ன பாடுபட்டவர் தெரியுமே? நீ ஏன் இப்ப இறக்கப் போறாய்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில இருந்து வந்தது.

முதலில் இறக்குவது எண்டால் என்ன எண்டு பார்ப்பம். ஒரு வண்டியின் உடம்புக்கும் சில்லுக்கும் நடுவில இருக்கிறது சஸ்பென்சன். மொறிஸ் மைனரில் முன்பக்கம் முறுக்குத் தண்டு. நீளமான இரும்புத் தண்டு முறுகி முறுகித்தான் குலுக்கத்தை வாங்கும். அதன் நுனியில் பல்லுப் பல்லாக வெட்டு இருக்கும். ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டினால் முன்பக்கம் பதியும். பின்பக்கம் வில்லுத் தகடு. தகட்டுக்கும் அச்சுக்கும் நடுவில ஒரு கட்டையை வைத்தால் வண்டி அந்தளவுக்குக் கீழ வரும். தகடுகளைக் குறைத்தாலும் வரும். அமெரிக்கப் பிக்கப்புகளில் கனக்க இறக்கும்போது அச்சு மேலெழும்பிச் சட்டத்தில இடிக்கும் என்பதால், அந்த இடத்தில் சட்டத்தையே அரைவட்டமாக வெட்டிப் பிறகு தகடு வைத்து ஒட்டுவார்கள். வெல்டிங் பிழைச்சால் ஓட்டுகிறவனின் உயிரும் பிழைச்ச மாதிரித்தான்.

இந்தப் பழக்கத்தைப் பெரிய கலையாக வளர்த்தவர்கள் கலிபோர்னியாவின் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, புதுக் கார் வாங்கக் காசில்லாதவர்கள் பழைய செவர்லேயை வாங்கி, டிக்கிக்குள் மணல் மூட்டை போட்டும் தகட்டை வெட்டியும் இறக்கினார்கள். வெள்ளைக்காரப் பெடியள் வேகத்துக்காகக் காரை மாத்தினபோது, இவர்கள் தாழ்வாகவும் மெதுவாகவும் ஓடுவதற்காக மாத்தினார்கள். தெருவில் இருக்கிற எல்லாரும் தங்களைப் பார்க்கவேணும் என்பதுதான் நோக்கம். 1958இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: வண்டியின் எந்தப் பாகமும் சில்லு றிம்மின் அடிவிளிம்புக்குக் கீழ இருக்கக்கூடாது. அடுத்த வருசம் ரொன் அகிரே என்ற இளைஞர் தன் கோர்வெட் காருக்கு விமான ஹைட்ரோலிக் பம்புகளைப் பூட்டினார். சுவிச்சைத் தட்டினால் கார் ஏறும், தட்டினால் இறங்கும். பொலிஸ் கண்டால் ஏற்றலாம், போனதும் இறக்கலாம். கலிபோர்னியா தன்ர மாநிலத்தில் இப்படியான வண்டிகள் மீதான தடைகளை முழுமையாக நீக்கச் சட்டம் போட்டது 2023இல்தான்.

சரி, அதே 1958இல் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது?

அந்த வருசம் ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அதுக்கு முதலே வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்துவிட்டது. சிங்கள ஸ்ரீ போட்ட புது பஸ்கள் வடக்குக்கு வந்து சேர, தமிழரசுக் கட்சியின் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் சூடேறியது. சிங்கள எழுத்தின் மேல் தார் பூசினார்கள்; தமிழில் எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் விழுந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம்.

ஒரு வண்டியில் ஒரே ஒரு எழுத்தை மாத்தினதுதான் எங்கட ஊரின் பதிவான முதல் பெரிய 'மொடிபிகேசன்' எண்டு எனக்குப் படுகுது. அதைப் பாடப்புத்தகத்தில் அரசியலாகப் படிக்கிறம். ஆனால் அண்டைக்குத் தார்ச் சட்டியோட நிண்டவனும் கலிபோர்னியாவில் காருக்குள்ள மணல் மூட்டை வைச்சவனும் ஏறக்குறைய ஒரு வயசுக்காரர். "இந்தத் தெருவில எனக்கும் பங்கு இருக்கு" எண்டு இரண்டு பேரும் வண்டியில் எழுதினவை.

அரசியலுக்கு வெளியிலயும் எங்கட ஆக்கள் வண்டியை மாத்திக்கொண்டேதான் இருந்தவை. அதுக்குப் பெரிய சாட்சி தட்டிவான். இதைக் கண்டிராத தம்பி தங்கைச்சிமாருக்குச் சொல்லுறன்: பழைய லொறிச் சேசிஸ் ஒன்றுக்கு மேல் ஊர்த் தச்சர் பலகையில் அடிச்ச உடம்பு. பக்கங்கள் திறந்தபடி, உள்ளுக்கு வாங்குகள், பின்னால் சங்கிலியில் விரியும் ஒரு தட்டி. தட்டியில வாழைக்குலை, மரக்கறிச் சாக்கு, சைக்கிள். உள்ளுக்குச் சனம். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடினது பலருக்கு நினைவிருக்கும். எந்தத் தொழிற்சாலையும் தட்டிவான் செய்து விற்கவில்லை. சந்தைக்குப் போற ஆச்சியின் கடகத்தை எங்க வைக்கிறது என்ற கேள்விக்குத் தச்சரும் கொல்லரும் சேர்ந்து சொன்ன மறுமொழி அது.

எங்கட மைனர் பிக்கப்பின் கதையும் அந்த வகைதான். மைனர் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, உடம்பே சட்டம். ஆனால் 1953இல் வந்த பிக்கப்புக்கும் வானுக்கும் தனிச் சேசிஸ் போட்டார்கள். ஆரம்பத்தில் அதன் சுமை 5 அந்தர், அதாவது 250 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 5 அந்தரோடை அச்சுவேலிக்காரன் நிப்பானா? செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் புகையிலையும் விளையிற ஊர். சுன்னாகம் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் ஒரே நடையில் கொண்டுபோகவேணும். அதனால் பின்வில்லுக்கு மேலதிகத் தகடு அடிச்சார்கள். பழைய லொறித் தகட்டை வெட்டி, கொல்லன் பட்டறையில் காய்ச்சி, வளைச்சு, இடையில் செருகினார்கள். சுமை இல்லாத நேரம் வண்டியின்ர பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரி எழும்பி நிக்கும். மெக்கானிக் ஐயா குனிஞ்சு பார்த்தது அந்தத் தகடுகளைத்தான்.

பிறகு 1990 ஜூன் வந்தது. சண்டை திரும்பவும் தொடங்க, குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகம், சீமெந்து எல்லாம் தடைப்பட்டியலில். கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட கதையை வீட்டில எல்லாரும் சொல்லுவினம். கார் ஓடின கதையை அவ்வளவாகச் சொல்லுறதில்லை. அது மண்ணெண்ணெயில ஓடினது.

எப்படி ஓடினது என்பதில்தான் எங்கட ஆக்களின் மூளை இருக்குது. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரிச் சுகமாக ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினை அதில எழுப்ப ஏலாது. அதனால் ஒரு சின்னப் போத்திலில் கொஞ்சப் பெற்றோல் வைத்து, காபரேற்றருக்கு அதை ஊத்தி ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். இன்னொரு சிக்கல்: மண்ணெண்ணெயின் ஒக்ரேன் குறைவு. அமுக்க விகிதம் கூடின புது எஞ்சின்களில் அது 'டொக் டொக்' எண்டு அடிக்கும், பிஸ்ரன் போய்விடும். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டு எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7க்கு 1ஐ ஒட்டித்தான். அதோட அவற்றில் காற்று உள்ள போற குழாயும் புகை வெளிய போற குழாயும் எஞ்சினின்ர ஒரே பக்கத்தில், ஒட்டினபடி. புகைக்குழாயின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. ஜப்பான் கார்கள் படங்கால மூடி நிற்க, தாத்தா காலத்துக் கார்கள் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தன.

இது கண்கட்டு வித்தை இல்லை. இங்கிலாந்தில் பெர்கூசன் உழவு இயந்திரங்களிலேயே பெற்றோலில் எழுப்பி மலிவு எண்ணெயில் ஓட்டுகிற வகை 1940களின் கடைசியில் இருந்து வந்திருக்கிறது. அங்கே தொழிற்சாலை செய்ததை இங்கே கராஜ் பெடியள் செய்தார்கள், அவ்வளவுதான். அதுக்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைக் கரைக்கும். பிளக் கரி பிடிக்கும். ஒயிலும் பிளக்கும் தடைப்பட்டியலில்.

இதில ஒரு முரண் எனக்குக் கனநாளாகக் குத்திக்கொண்டிருக்குது. அதே 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சார்ல்ஸ் வெயர், மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்விக்க இலங்கையைத் தெரிந்தெடுத்தார். தெற்கில் கைத்திறன் உள்ள தொழிலாளர்கள் இங்கிலாந்துக் காருக்குப் பாகம் அடிச்சார்கள். வடக்கில் அதே காருக்கு ஒரு வோசர் கிடையாது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டித்தான் போட்டார்கள்.

1995 ஒக்ரோபர் 17இல் ரிவிரெச நடவடிக்கை தொடங்கியது. முதல் நாட்களிலேயே அச்சுவேலி, புத்தூர்ப் பக்கம் சண்டை வந்துவிட்டது. 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பிச் செம்மணியால், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. நண்பனின் அப்பப்பா குடும்பம் அதுக்கு முதலே வெளிக்கிட்டுவிட்டது. பிக்கப்பில 5 அந்தர் கணக்கு அண்டைக்கு ஆர் பார்த்தது? மூன்று குடும்பம், ஒரு தையல் மெசின், நெல்லுச் சாக்கு, கட்டிலில கிடந்த ஆச்சி. தகடு தாங்கினது. மண்ணெண்ணெய் முடியும்வரை ஓடி, பிறகு தள்ளினார்கள். 1996இல் ஊர் திரும்பினபோது வண்டியும் திரும்பியது. எஞ்சின் திரும்ப எழும்பவில்லை.

"அந்தத் தகடு இல்லாட்டி ஆச்சியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கவேணும்" எண்டு மெக்கானிக் ஐயா சொன்னார். அதுகளை அடிச்சவர் அவர்தான். அது எங்களுக்கு அப்பதான் தெரியும்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபிறகும், 2009க்குப் பிறகும், தெற்கில இருந்து ஆக்கள் வந்து பழைய கார்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதாக அவர் சொல்லுறார். பாதி விலைக்குக் குடுத்தவையும் உண்டு. மழைக்கு உக்கிறதை விட ஆரும் ஓட்டட்டும் எண்டு குடுத்தவையும் உண்டு. 2020இல் வாகன இறக்குமதியை நிப்பாட்ட, பழைய இரும்புக்குத் திடீரெண்டு மதிப்பு வந்தது. 2022இல் கியூ.ஆர். கோட் காட்டி எண்ணெய் வாங்கின காலத்தில் சிலர் மண்ணெண்ணெய்க் கதையைத் திரும்ப எடுத்தார்கள். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயானது. அந்தக் கதையும் அதோட முடிஞ்சது.

கலிபோர்னியாப் பெடியள் காரை இறக்கினதை இண்டைக்கு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கட கராஜ்களில் நடந்ததை நாங்கள் 'கஷ்டகாலம்' எண்ட ஒரு சொல்லுக்குள்ள போட்டு மூடிவிட்டம். ஆசைக்குச் செய்தால் கலை, அவசரத்துக்குச் செய்தால் கஷ்டம் எண்டு ஒரு கணக்கு எங்களுக்குள்ள இருக்குது. எனக்கு அந்தக் கணக்கில நம்பிக்கை இல்லை. லொறித் தகட்டை எவ்வளவு சூட்டில் வளைக்கவேணும், எந்த நேரத்தில பெற்றோலில இருந்து மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும் எண்டதெல்லாம் அறிவு. அது எங்கயும் எழுதிக்கிடக்கவில்லை. அடிச்ச கைகளுக்கு இப்ப எழுபது, எண்பது வயசு. உங்கட ஊரிலயும் அப்படி ஒருவர் இருப்பார். போனில ஒலிப்பதிவு செய்ய ஒரு பின்னேரம் போதும்.

பிக்கப்புக்கு என்ன நடந்தது எண்டு கேட்பியள். கட்டை வைக்கவில்லை, சட்டத்தை வெட்டவில்லை. ஐயா பின்வில்லைக் கழட்டி, தான் அடிச்ச இரண்டு தகட்டையும் ஒவ்வொரு பக்கத்தாலயும் தானே எடுத்தார். திரும்பப் பூட்டி நிலத்தில விட்டபோது வண்டி நாலு விரல் அளவு பதிஞ்சது. முன்னும் பின்னும் ஒரே மட்டம். இங்கிலாந்தில இருந்து வந்த நாள் அது நிண்ட உயரம் அதுதானாம். "இனிச் சுமை இல்லைத்தானே, தம்பி" எண்டார்.

எஞ்சின் இன்னும் எழும்பவில்லை. கழட்டின நாலு தகட்டையும் நண்பன் எண்ணெய் பூசிச் சாக்கில சுத்தி, சீற்றுக்குப் பின்னால வைச்சிருக்கிறான். ஏன் எண்டு நான் கேட்கவில்லை.