லயத்து வாசலில் கோஸ்மோஸ்

மலாக்காவில் நம்மவர்கள் பூ வைத்து அலங்கரித்ததைச் சொல்லும் பழைய எழுத்துகளில் ஒன்று, ஒரு சாவைப் பற்றியது. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அவர்களுக்குத் துணை நின்றவர் நைனா சட்டு என்ற கிளிங் வணிகர். அவரையே பெண்டகாரா பதவியில் உட்கார வைத்தார்கள். 1514-இல் அந்தப் பதவியைப் பிடுங்கி கம்பார் அரசருக்குக் கொடுக்கப்போவதாகத் தெரிந்ததும், அவர் தூண்கள் நிறுத்தி மேடை கட்டச் சொன்னார். துணி விரித்து, பூவாலும் வாசனைப் பொருளாலும் அதை நிறைத்தார். கல் பதித்த பொன்னாடை உடுத்தித் தெருவழியாக நடந்து வந்து, மேடையேறி, மணக்கும் கட்டைகள் எரிந்த தீயில் இறங்கினார். பிரெஞ்சுக்காரரான மோந்தேன்கூட இதைத் தன் கட்டுரை ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மேடையில் என்ன பூ இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மாலை கட்டுவது என் தொழில், அதனால் யோசனை அப்படித்தான் போகும். மல்லிகை இருந்திருக்கலாம், செண்பகம் இருந்திருக்கலாம். ஆனால் துலுக்கச் சாமந்தி இருந்திருக்காது. வாடாமல்லியும் சம்பங்கியும் இருந்திருக்காது. இன்றைக்குத் தஞ்சோங் கிளிங்கில் என் கடைவாசலில் கூடை கூடையாகக் கிடக்கிற இந்தப் பூக்களெல்லாம் மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்துச் செடிகள். ஸ்பானியர் மெக்சிகோவைப் பிடித்ததே 1521-இல்தான். அதன் பிறகு 1565 முதல் 1815 வரை, அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே அவர்களுடைய கப்பல்கள் போய்வந்தன. வெள்ளி வந்தது, மிளகாய் வந்தது, விதைகளும் வந்தன.

கோஸ்மோஸும் மெக்சிகோப் பக்கத்துச் செடிதான். கடைக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் நான் அதைப் போடுகிறேன். மாலைக்கு ஆகாது; தண்டோடு வெட்டிக் கொத்தாகக் கொடுப்பதற்கு. வேலிக்கு அந்தப் பக்கம், மலாய்க்கார அம்மாவின் வீட்டில் அதன் தங்கை நிற்கிறது: உலாம் ராஜா. ஸ்பானியர் பிலிப்பைன்சுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இந்தப் பக்கம் பரவிய கோஸ்மோஸ் அது. அவர் கொழுந்தைக் கிள்ளி, கழுவி, சம்பால் பிளாச்சானில் தோய்த்துப் பச்சையாகச் சாப்பிடுகிறார். கசக்கினால் மாங்காய் வாசம் வரும். பூ சின்னதாக, வெளிர் ஊதாவில் இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. வேலியோரம் நடந்துவிட்டு வந்தால் அதன் விதைகள் சாரோங் ஓரத்தில் வரிசையாகக் குத்திக்கொண்டு வரும். இப்படித்தான் இந்தச் செடி ஊர் ஊராகப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பூவுக்காக வளர்க்கிற இரண்டு வகைகளும், அதாவது வெளிர்சிவப்பும் ஆரஞ்சும், ஐரோப்பாவைச் சுற்றி வந்தவை. மெக்சிகோ விதை மத்ரித் அரச தாவரத் தோட்டத்தில் முளைத்துப் பூத்தது. காவனில்யெஸ் என்ற பாதிரியார் 1791-இல் அதற்குப் பெயர் வைத்துப் புத்தகத்தில் ஏற்றினார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கே ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் எழுந்திருந்தது. மலாக்கா செட்டிகள் அப்போதே இந்த ஊரில் பல தலைமுறை கண்டவர்கள்.

நாங்கள் செட்டிகள் அல்ல, பால் மரத்துக்கு வந்தவர்கள். 1896-இல் டான் சாய் யான், சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து ரிட்லியின் பேச்சைக் கேட்டு, மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் 3,000 ஏக்கர் அளவுக்குப் போனார். அதுவரை மலாக்காவின் உள்பகுதி மரவள்ளி நாடாக இருந்தது. மரவள்ளியும் ரப்பரும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. கங்காணிகளை நம்பிக் கப்பல் ஏறிய நம் பெண்கள் நாள்தோறும் வெட்டியது பிரேசில் மரத்தை. வீட்டு வாசலில் வைத்தது மெக்சிகோப் பூவை. ஊர்ப் பூ ஒன்றும் உடன் வராத இடத்தில், கைக்குக் கிடைத்ததைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது இங்கே இருந்தவர்கள் இருந்தவர்கள்தான். அந்தத் தலைமுறைப் பெண்கள் நட்ட பாத்திகளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். தோட்ட வரலாறு என்றால் சம்பளம், கங்காணி, கள்ளுக்கடை, வேலைநிறுத்தம் என்று எழுதுகிறோம், எழுத வேண்டியவைதான். வாசல் பாத்தியை யாரும் எழுதுவதில்லை. அந்தப் பெண்களுக்கென்று தோட்டத்தில் இருந்த ஒரே இடம் அது. அதை விட்டுவிட்டு எழுதும் வரலாறு எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது.

எங்கள் தாத்தா துரை பங்களாவில் பூந்தோட்டக்காரர். பங்களாவில் முற்றி உதிர்ந்த ஆரஞ்சு கோஸ்மோஸ் விதையை வேட்டி மடிப்பில் முடிந்து எடுத்து வந்தவர் அவர்தான். விதை கறுப்பாக, வளைந்த ஊசி போல இருக்கும். லயத்தில் அது பாட்டி கைக்கு வந்தது, பாட்டியிடமிருந்து அடுத்த காம்பராவுக்கு, அங்கிருந்து எதிர் லயத்துக்கு. யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போகிற பெண்ணின் டிரங்குப் பெட்டியில், தாளில் மடித்த விதைப் பொட்டலம் ஒன்று இருக்கும்.

இடம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். லயத்து அஞ்சடிக்கும் லோங்காங்குக்கும் நடுவே கிடக்கிற ஒரு கீற்று மண். முருங்கையும் கறிவேப்பிலையும் மிளகாயும் பின்பக்கம். வாசல் பக்கம் பூ: கோழிக்கொண்டை, வாடாமல்லி, அந்திமந்தாரை, இவற்றுக்கெல்லாம் பின்னால் உயரமாகக் கோஸ்மோஸ். அம்மா விடியலில் பெரட்டுக்குப் போய், பால் நிறுத்துவிட்டு, மதியம் திரும்புவார். வாளியைக் கழுவி வைத்துவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரைப் பாத்தியில் ஊற்றுவார். தோட்டத்து உரம் மட்டும் போடவிடமாட்டார். உரம் கண்டால் கோஸ்மோஸ் இலையாக மண்டும், பூ குறையும். அம்மா இதை எந்தப் புத்தகத்திலும் படித்தவர் அல்ல. செடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

கொசு ஒழிப்பு என்று டிரெசர் லயம் பார்க்க வருவார். வாசலில் மண்டியதை எல்லாம் வெட்டச் சொல்வார்.

"அது புதர் இல்லீங்கய்யா, சாமிக்கு வச்சது" என்பார் அம்மா.

"சாமிக்குன்னா இம்புட்டு உசரமாவா?"

"நீங்களே நாலு ஒடிச்சுட்டுப் போங்கய்யா, வீட்டுல அம்மாவுக்குக் குடுங்க."

டிரெசர் ஒடித்துக்கொண்டு போனார். செடி நின்றது.

சாமிக்கு என்பது சாக்கு அல்ல. வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அரளியும் செம்பருத்தியும் மாலையாகப் போகும். கோஸ்மோஸ் மட்டும், கழுவிய கட்டிப்பால் டின்னில் தண்ணீர் ஊற்றி, தண்டோடு சன்னதிப் படியில் வைக்கப்படும். கோஸ்மோஸைக் கட்ட முடியாது. நூல் முடிச்சு இறுகியதும் இதழ் உதிர்ந்துவிடும். தண்ணீரை விட்டு எடுத்தால் சீக்கிரமே தலை தொங்கிவிடும். எட்டே இதழ், காற்றுப் பட்டால் ஆடுகிற காம்பு. கட்ட முடியாத பூவைத் தண்ணீரில் நிற்க வைக்கலாம் என்று கண்டுகொண்டார்களே, அதைத்தான் இன்று கொய்மலர்த் தொழில் என்கிறோம். நம் பெண்கள் அதைக் காசில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கீற்று மண்ணிலும் மரவள்ளிதான் நட்டார்கள் என்று பாட்டி சொல்வார். சயாம் ரயில் பாதைக்கு ஆட்களைப் பிடித்துப் போன காலம், பூவுக்கு எங்கே போவது. ஆனாலும் விதை எங்கோ ஒரு டப்பாவில் தப்பியது. போர் முடிந்து, வேலியோரம் முதலில் நின்றது கோஸ்மோஸ்தானாம்.

பாத்தியை ஒழித்தது போர் அல்ல. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. துரைமார் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள், வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று துன் சம்பந்தன் லயம் லயமாகப் போய்ப் பேசி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். எல்லாத் தோட்டத்தையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. பிறகு செம்பனை வந்தது. 1971-இல் தாராள வாணிப வலயச் சட்டம் வந்து, தஞ்சோங் கிளிங்கிலும் பத்து பெரெண்டாமிலும் ஆலைகள் எழுந்தன. லயத்துப் பெண் பிள்ளைகள் ஆலை பஸ் ஏறினார்கள். நானும் ஏறினேன், சம்பளம் அம்மாவின் சம்பளத்தை விட நல்ல சம்பளம், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் தாமான் வீட்டு வாசல் சிமெண்டுத் தரை. அஞ்சடிக்கும் லோங்காங்குக்கும் நடுவே இருந்த மண் அங்கே இல்லை. பாத்தி போனபோது விதைப் பொட்டலமும் போயிற்று. நான் இப்போது விதைப்பது கடையில் வாங்கிய பாக்கெட் விதை.

பூ வணிகமோ மலைக்குப் போயிருந்தது. கேமரன் மலைக்கு 1931-இல் சாலை திறந்த பிறகு அங்கே காய்கறியும் பூவும் பெருகின. செவ்வந்தியும் ரோஜாவும் இன்றும் அங்கிருந்துதான் எனக்கு லாரியில் வருகின்றன. மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில். மாசி மகத்துக்கு மலாக்கா நகரிலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு முருகன் ரதம் போகும்போது, நான் கட்டுகிற மாலையில் உள்ளூர்ப் பூ என்று சொல்ல ஓர்க்கிட்டும் கொஞ்சம் அரளியும்தான் இருக்கும்.

வெளிர்சிவப்பு கோஸ்மோஸை இங்கே போட்டவர்கள் எல்லாரும் ஒரே குறைதான் சொல்வார்கள்: முழங்கால் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடுகிறது, தண்டு நீளவில்லை. வெயில் என்பார்கள், மண் என்பார்கள். உண்மையான காரணம் பகல். அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920-இல் வெளியிட்டது இது: சில செடிகள் இரவு நீண்டால்தான் பூக்கின்றன. அடுத்த ஆண்டுகளில் அவர்கள் சோதித்தவற்றில் மஞ்சள் கோஸ்மோஸும் ஒன்று. ஒரே செடியின் ஒரு பகுதிக்கு மட்டும் பகலைக் குறைத்தார்கள். அந்தப் பகுதி மட்டும் பூத்தது. குளிர்நாட்டில் கோடைப் பகல் நீளமாக இருப்பதால் செடி வளர்ந்துகொண்டே போய், பகல் குறையும்போது மொட்டு வைக்கிறது. தஞ்சோங் கிளிங் நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகைதான் வடக்கே. ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரம். ஏறி இறங்குவதெல்லாம் சேர்த்தால் கால் மணி நேரம். முளைத்த நாளிலிருந்தே கோஸ்மோஸுக்கு இங்கே பூக்கும் காலம். அம்மாவின் ஆரஞ்சு வகை சூட்டையும் தாங்கி உயரமும் போனது. அதனால்தான் லயங்களில் அது நிலைத்தது, வெளிர்சிவப்பு நிலைக்கவில்லை என்பது என் கணிப்பு.

கேமரன் மலையில் செவ்வந்தி போடுகிறவர்கள் இரவில் பாத்திக்கு மேல் பல்பு எரிய விடுவதும் இதற்காகத்தான். செவ்வந்திக்கும் இரவு நீண்டால்தான் மொட்டு. வெளிச்சம் காட்டி அதை ஏமாற்றித் தண்டை நீட்டிக்கொண்டு, பிறகு விளக்கை அணைப்பார்கள்.

மலாக்காவில் கல்யாண மண்டபம் அலங்கரிக்கிற பிள்ளைகள் இப்போது கோஸ்மோஸ் கேட்டு வருகிறார்கள். நான் வெட்டுவது வெளிச்சம் வருவதற்கு முன்னால், இதழ் மொட்டை விட்டுப் பிரிந்து இன்னும் தட்டையாக விரியாத பதத்தில். விரிந்த பிறகு வெட்டினால் மகரந்தம் கொட்டி மேசைத்துணி மஞ்சளாகும், பூவும் நிற்காது. கீழ் இலையை உருவிவிட்டு உடனே வாளித் தண்ணீரில் இறக்க வேண்டும். தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தால் நாலைந்து நாள் நிற்கும். ஆனால் அவர்கள் கேட்கும் நீளம் ஆரஞ்சில்தான் கிடைக்கிறது, அவர்களுக்கு வேண்டியதோ வெளிர்சிவப்பு. அதனால் வெளிர்சிவப்புப் பாத்தி ஒன்றின் மேல் கம்பி இழுத்துப் பல்புகள் தொங்கவிட்டிருக்கிறேன். கடை சாத்தும் நேரம் போட்டு, படுக்கப்போகும்போது அணைக்கிறேன். விளக்கில்லாத பாத்தி முழங்காலளவில் மொட்டுக் கட்டிவிட்டது. விளக்கு எரியும் பாத்தி இடுப்பைத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு மொட்டும் இல்லை. அடுத்த வாரம் விளக்கை அணைக்கப்போகிறேன்.