எண்ணெய், உப்பு, காரம்: கொழும்புச் சவர்க்காரத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தேங்காயெண்ணெயைக் கொண்டு வீட்டிலே உப்புச் சவர்க்காரக் கட்டிகள் செய்ய வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் முற்படின், அவருக்கு வேண்டியவை மூன்று: எண்ணெய், உப்பு, எரிசோடா. முதலிரண்டும் இந்நாட்டு விளைபொருள்கள். மூன்றாவது பெரும்பாலும் கப்பலில் வருவது. இந்நிலை இயற்கையாக நேர்ந்ததன்று. அதற்கொரு வரலாறு உண்டு என்பதே நாம் ஈண்டு காட்ட விழைவது.

தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலமாகும். இதனாலேயே அதன் சவர்க்காரம் தனித்தன்மை பெறுகின்றது. ஒலிவெண்ணெய்ச் சவர்க்காரம் உப்புநீரில் திரைந்து பிரியும். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமோ கடல்நீரிலும் நுரைக்கும். மாலுமிகள் இதனை விரும்பியமைக்குக் காரணம் இதுவே. 1000 கிராம் எண்ணெய்க்கு ஏறத்தாழ 180 கிராம் எரிசோடா போதும். எண்ணெயின் அரைப்பங்கு நிறையுள்ள உப்பையும் அக்கலவை ஏற்கும். உப்புக் கட்டி விரைந்து இறுகுவது. சூடு முற்றாக ஆறுமுன் வெட்டாவிடின் கத்திபட்டு நொறுங்கிவிடும்.

ஆயின் இவற்றை இணைப்பது காரமே. ஈழத்தமிழில் வழங்கும் 'சவர்க்காரம்' என்னும் சொல்லில் எண்ணெய் இல்லை, காரம் உண்டு என்பது நோக்கற்பாலது. உவர்மண்ணையும் சாம்பலையும் கொண்டு வெள்ளாவி வைத்த வண்ணாரே நம் சமூகத்தில் காரத்தின் தொழிலறிவைத் தலைமுறைகளாகப் பேணியோர். கைத்தொழில் வரலாற்றை ஆலையிலிருந்தே தொடங்குவோர், ஒடுக்கப்பட்ட அம்மக்களின் அறிவைக் கணக்கிற் கொள்வதில்லை.

ஐரோப்பாவிலோ 1791இல் லெபிளாங் உப்பிலிருந்து சோடா ஆக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காரம் மலிந்தது; சவர்க்காரத் தொழில் பெருகிற்று; 1884இல் லீவர் 'சன்லைற்' என்னும் பெயரைச் சந்தைக்குக் கொணர்ந்தார். பிரித்தானிய இலங்கையில் உப்பு அரசின் தனியுரிமைப் பண்டம். கொப்பறாவும் எண்ணெயும் கொழும்புத் துறைமுகத்தால் வெளியேறின. சவர்க்காரம் அதே வழியால் உள்வந்தது. 1938இல் லீவர் கம்பனி இங்கும் நிறுவப்பட்டது. அதன் ஆலை கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் கிராண்ட்பாஸில் எழுந்தது. புதுக்கடையில் பி.சி.சி. எண்ணெய் ஆலையும் சவர்க்காரம் செய்தது. எனினும் ஆலை இங்கிருந்தமையால் மட்டும் காரம் இங்கு உற்பத்தியாகிவிடவில்லை.

அவ்விடைவெளியை நிரப்ப முனைந்ததே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. 1950களில் அரச முயற்சியாகத் தோன்றிய அது, ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் ஆக்கியது. நாட்டின் தேவை முழுவதையும் அது நிறைவேற்றியதென நாம் கூறவரவில்லை. ஆனால் மேற்குக் கரையோரத் தேங்காயும் வன்னிவாயிலின் உப்பும் ஒரே கட்டியிற் சேரத்தக்க பொருளாதார அடிப்படையொன்று அங்கு உருவாயிற்று. இனங்களிடை உறவு பற்றி மேடைகளிற் பேசப்பட்டவற்றிலும் இது உறுதியானது என்பது எம் கருத்து. 1980களின் நடுப்பகுதியில் போர் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. ஆனையிறவு உப்பளமும் பின்னர்ப் போர்க்களமாயிற்று.

1990இன் பின்னர் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் கட்டுப்படுத்தப்பட்டது. காரம் செய்த மண்ணிலே சவர்க்காரம் கிடைக்கவில்லை. குடாநாட்டு மக்கள் பனம்பழக் களியைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தனர். கொடியிற் காய்ந்த அவ்வுடுப்புகளைப் பனம்பழ மணத்துக்கு மாடுகள் வந்து சப்பிய கதையை, அந்நாளில் வெள்ளவத்தைக்கு இடம்பெயர்ந்து வந்தோர் சிரித்துக்கொண்டே சொல்வர்.