அகுடான் ஜீரோ: எந்தத் தேதியின் விமானம்?

இரண்டாம் உலகப்போர் விமானங்களைச் சிறு மாதிரிகளாகச் செய்பவர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும் இடத்தில், ஜப்பானின் ஜீரோ என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். சண்டையே வந்துவிடும்! பல காலமாகப் பெட்டிகளின் மேல் வெளிர் சாம்பல் நிறத்தில், கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் வரைந்து வந்தார்கள்.

மிட்சுபிஷி ஏ6எம்2, அதாவது ஜீரோ மாடல் 21, ஜப்பானியக் கடற்படையின் விமானம்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த சண்டை விமானம். இறக்கையின் மொத்த நீளம் 12 மீட்டர். 1/48 அளவில் செய்தால் 25 சென்டிமீட்டர். கப்பலின் லிஃப்டில் நுழைவதற்காக இறக்கை நுனிகள் அரை மீட்டர் மடங்கும். மாதிரியில் அது ஒரு சென்டிமீட்டர். இதையெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். நிறத்தை எப்படி அளப்பது? அன்றைய புகைப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதானே.

1942 பிப்ரவரியில் எழுதப்பட்ட ஜப்பானியக் கடற்படை அறிக்கை ஒன்று, நிறம் சாம்பல்தான், ஆனால் கொஞ்சம் 'அமே' பக்கம் சாய்ந்தது என்கிறது. அமே என்றால் அந்த ஊர்ப் பாகு மிட்டாய். வீழ்ந்த விமானங்களிலிருந்து எடுத்து வைத்த தகடுகளிலும் பச்சையும் பழுப்பும் கலந்த சாயல் தெரிகிறது. வெயிலில் பெயின்ட் சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்துவிட்டால் வெறும் சாம்பலாகிவிடும். ஆக, சண்டை போட்ட இரண்டு கட்சிக்காரர்களும் பார்த்தது நிஜம்தான்! விமானி உட்காரும் அறையின் உள்நிறமும் மிட்சுபிஷி தொழிற்சாலையில் ஒன்று, நகாஜிமாவில் வேறு. அதனால் பொதுவாக 'ஒரு ஜீரோ' என்று செய்ய முடியாது. குறிப்பிட்ட ஒரு விமானத்தை, குறிப்பிட்ட ஒரு தேதியில் இருந்தபடிதான் செய்ய முடியும்.

நான் செய்வதாக இருந்தால் வரிசை எண் 4593, வால் குறி டிஐ-108. ரியூஜோ கப்பலைச் சேர்ந்தது. ஓட்டியவர் டடயோஷி கோகா, வயது 19. 1942 ஜூன் 4 அன்று அலாஸ்காவின் டச்சு ஹார்பர் மீது நடந்த தாக்குதலில் கீழிருந்து வந்த குண்டு எண்ணெய்க் குழாயைத் துளைத்தது. அதற்குச் சற்று முன்தான் அவரது குழு ஒரு அமெரிக்கக் கேட்டலினா விமானத்தை வீழ்த்தி, தண்ணீரில் தத்தளித்தவர்களையும் சுட்டிருந்தது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எண்ணெய் ஒழுக ஒழுக அகுடான் தீவில் இறங்கினார். புல்வெளி என்று நினைத்த இடம் சதுப்பு. சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்ததில் கழுத்து முறிந்து இறந்தார். எதிரி கையில் சிக்காமல் விமானத்தை அழிப்பது கூட வந்த இருவரின் கடமை. ஆனால் நண்பன் உயிரோடு இருக்கலாமே என்று சுடாமல் போய்விட்டார்கள். ஜூலை 10 அன்று அமெரிக்கர்கள் கண்டுபிடித்தார்கள். சான் டியேகோவில் பழுது பார்த்து, செப்டம்பரில் நட்சத்திரக் குறியோடு பறக்க விட்டார்கள். வேகம் கூடினால் ஜீரோ சட்டென்று உருள முடியாது, மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் எஞ்சின் திணறும் என்பதெல்லாம் அந்தச் சோதனைகளில் உறுதியானது.

இந்த விமானத்தைப் பார்த்துத்தான் ஹெல்கேட்டை வடிவமைத்தார்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். தப்பு. ஹெல்கேட்டின் முதல் மாதிரி ஜூன் 26 அன்றே பறந்துவிட்டது. அப்போது டிஐ-108 சதுப்பில் தலைகீழாகக் கிடந்தது, அமெரிக்கர் யார் கண்ணிலும் படாமல்.

சரி, எந்தத் தேதி? செப்டம்பர் விமானத்துக்குப் படங்கள் நிறைய உண்டு, வேலை சுலபம். ஆனால் அது அமெரிக்கர்கள் பெயின்ட் அடித்த விமானம். எனக்கு ஜூன் 4 பிற்பகல்தான் வேண்டும், கப்பலை விட்டுக் கிளம்பும் நேரம். அந்த வருடம் பிப்ரவரியில் தயாரான விமானம் என்பதால் பெயின்ட் அதிகம் வெளுத்திருக்காது. உருளையான எஞ்சின் மூடிக்கு நீலம் கலந்த கறுப்பு, உடம்புக்குப் பாகு நிறச் சாம்பல். எண்ணெய்க் கறையோ குண்டுத் துளையோ அப்போது இல்லை.