பள்ளிக்கூட மணியும் சின்னமுத்தும்

ஆங்கிலத்தில் மீசில்ஸ். தமிழ்நாட்டில் தட்டம்மை. யாழ்ப்பாணத்துக்காரர்களான எங்கள் வீட்டில் சின்னமுத்து. காய்ச்சல், இருமல், சிவந்த கண்கள், பிறகு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. 1963இல் தடுப்பூசி வருவதற்கு முன் இந்த நோய் ஆண்டுதோறும் சுமார் 26 இலட்சம் பேரைக் கொன்றது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள்.

இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. 1950 முதல் 1968 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டு பெரிய மலை, அடுத்த ஆண்டு சின்னக் குன்று, மறுபடி மலை. கடிகாரம் வைத்தது போல வந்து போயிருக்கிறது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது யார்?

வெயில் என்றுதான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். வெக்கை வந்தால் அம்மை வரும் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் லண்டனில் ஏது வெக்கை? நான் பொறியியல் படித்து, கணினித் துறையில் வேலை செய்பவன். மருத்துவன் அல்லன். இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களிலும் பலர் கணக்குக்காரர்கள்தான். அதனால்தான் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

குளமும் வாய்க்காலும்

1906இல் வில்லியம் ஹேமர் என்ற மருத்துவர் லண்டனின் தட்டம்மை அலைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். அவர் சொன்னது எளிமையானது. புதிதாக எத்தனை பேருக்கு நோய் வரும் என்பது இரண்டு எண்களின் பெருக்கலைப் பொறுத்தது: இப்போது நோயோடு இருப்பவர்கள் எத்தனை பேர், இன்னும் நோய் வராதவர்கள் எத்தனை பேர். இந்த ஒரு பெருக்கல்தான் இன்றைய தொற்றுநோய்க் கணக்குகள் பலவற்றுக்கும் அடித்தளம்.

இதை ஒரு குளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நோய் வராத பிள்ளைகள்தான் குளத்துத் தண்ணீர். ஒருமுறை தட்டம்மை வந்து குணமானால் மீண்டும் வருவதில்லை என்பதால், ஒவ்வொரு பெருந்தொற்றும் குளத்தை இறைத்துவிடும். தண்ணீர் குறைந்ததும் தொற்று ஓயும். புதிதாகப் பிறக்கும் குழந்தைகள் வாய்க்கால் தண்ணீர் போலக் குளத்தை மெல்ல நிரப்புவார்கள். நிரம்பினால் அடுத்த அலை.

அலை ஏன் வருகிறது என்பது இதில் புரிகிறது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. 1929இல் சோப்பர் என்ற புள்ளியியலாளர் இதை முறையான சமன்பாடுகளாக எழுதி, கிளாஸ்கோ நகரத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டார். சமன்பாட்டில் அலைகள் வரவரச் சிறுத்து அடங்கிவிட்டன. உண்மையான நகரங்களில் அவை அடங்கவே இல்லை.

ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் சிறிது நேரத்தில் நின்றுவிடும். நிற்காமல் ஆடுகிறது என்றால் யாரோ தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். அதிர்வுகள் பற்றிய பாடத்தில் பொறியியல் மாணவர்கள் முதலில் படிப்பது இதைத்தான்.

தள்ளியவர் யார்?

1973இல் வேய்ன் லண்டன், ஜேம்ஸ் யார்க் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். நியூயார்க், பால்டிமோர் நகரங்களின் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட மாதாந்தரப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு மாதமும் நோய் எவ்வளவு எளிதாகப் பரவியிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். கோடை மாதங்களைவிடக் குளிர்கால மாதங்களில் பரவும் வேகம் 1.7 முதல் 2 மடங்கு. பிள்ளைகள் பள்ளியில் கூடுவதே இதற்கு முதன்மையான காரணம் என்றார்கள்.

குளிரே காரணமாக இருக்கக் கூடாதா? 1982இல் ஃபைன், கிளார்க்சன் இருவரும் இங்கிலாந்து, வேல்ஸின் வாராந்தரப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மாதக் கணக்கில் தெரியாதது வாரக் கணக்கில் தெரிந்தது. பள்ளி விடுமுறை விட்டால் பரவும் வேகம் இறங்குகிறது. பள்ளி திறந்தால் ஏறுகிறது. நோய் மலையாக வந்த ஆண்டிலும் குன்றாக வந்த ஆண்டிலும் அதே வடிவம். குளிர் இப்படிப் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து நடக்காது. ஊஞ்சலைத் தள்ளியது பள்ளிக்கூட மணி.

இரண்டாண்டுச் சுழற்சியின் காரணமும் இப்போது விளங்குகிறது. பெருந்தொற்று முடிந்த பிறகு வரும் செப்டம்பரிலும் மணி அடிக்கிறது. ஆனால் குளத்தில் தண்ணீர் போதவில்லை. அதற்கடுத்த செப்டம்பரில் போதுமான அளவு நிரம்பியிருக்கிறது. வாய்க்கால் வேகமாக ஓடினால் என்ன ஆகும்? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தில் பிறப்புகள் கூடின. அந்த ஆண்டுகளில் தட்டம்மை ஆண்டுதோறும் வந்தது. பிறப்புகள் குறைந்ததும் இரண்டாண்டுக்கு ஒருமுறையானது. ஒரே எளிய மாதிரி இந்த இரண்டு நடத்தையையும் காட்டுகிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நிறுவியது.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் தள்ளுவது வேறு. மழைக்காலத்தில் மக்கள் வயல் வேலைக்குக் கிராமங்களுக்குப் போகிறார்கள். மழை முடிந்ததும் நகரங்களுக்குத் திரும்பி நெருக்கமாக வாழ்கிறார்கள். அங்கே தட்டம்மை வறண்ட காலத்தில் பெருகுகிறது. லண்டனோ நைஜரோ, மனிதர்கள் கூடும் காலமே நோயின் காலம்.

நம் பங்கு

பள்ளிக்கூடங்களை மூடிவைக்க முடியாது. வாய்க்காலை அடைக்க முடியும். தடுப்பூசி போட்ட குழந்தை குளத்தில் சேர்வதில்லை. அவ்வளவுதான் அதன் கணக்கு. யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுப்பார். அந்த எண்ணை ஒன்றுக்குக் கீழே இறக்க, நூற்றில் சுமார் 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். மிச்சமுள்ள ஐந்து இடங்கள் கைக்குழந்தைகளுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்கள் போல ஊசி போட முடியாதவர்களுக்கும் வேண்டியவை. போட முடிந்தும் போடாமல் விடுகிறவர் அவர்களுடைய இடத்தில்தான் உட்காருகிறார்.

குளம் இப்போது மறுபடி நிரம்பி வருகிறது. தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியை பிரிட்டன் 2019இல் இழந்தது. 1998 முதல் அதை வைத்திருந்த கனடா 2025 நவம்பரில் இழந்தது. நம்மவர்கள் பெருமளவில் வாழும் நாடுகள் இவை.

நம் குடும்பங்கள் பலவும் நாடு விட்டு நாடு வந்தவை. வரும் வழியில் தடுப்பூசி அட்டைகள் தொலைந்திருக்கும். ஒரு ஊசி போட்டு இரண்டாவது விட்டுப்போயிருக்கும். இந்த வாரம் அம்மாவிடமோ அப்பாவிடமோ உங்கள் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு ஊசியும் பதிவாகி இருக்கிறதா? இல்லையென்றால், பள்ளியோ பல்கலைக்கழகமோ திறப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.